கல்லீரலும் காப்பு மருந்தும்

கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்தால் எதிரே சாலைக் கடைத்தெரு. அங்குள்ள பலசரக்குக் கடையொன்றில் கணக்கு எழுதும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருவனந்தபுரத்தில் வாழ்பவர். திருநெல்வேலியிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக நான் இங்கே படிக்க வந்தபோது, எனக்கு அறை பார்த்துக் கொடுத்தவர் அவர்தாம்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, காரியவட்டத்திலிருந்து வந்த பேருந்தை விட்டிறங்கி அவரைக் காணச் சென்றேன். அவருடைய மேசையின்மீது பேரேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, முழங்கால் வலிக்கு அவர் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை. மற்றொன்று, கீழாநெல்லியை அரைத்துக் கலந்த மோர்.

“தம்பி, இந்த மாத்திரை ஈரலைக் கெடுக்கும் என்கிறார்கள். அதற்குத்தான் கீழாநெல்லியும் குடித்துவிடுகிறேன். பற்றும் வரவும் நேராகிவிட்டது. என் கணக்குச் சரிதானே? நீ இதைத்தானே படிக்கிறாய்?” என்றார்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. வேதிப்பொருள்களால் கல்லீரலின் உயிரணுக்கள் எவ்வாறு கெடுகின்றன, அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் அக்கேட்டைத் தடுக்குமா என்பனவே நான் பயிலும் பாடங்கள். ஆயினும் ஒரே வரியில் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ கூறத்தக்க செய்தியன்று அது. அண்ணாச்சிக்குப் பின்னர் நான் கூறிய விடையையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஈரல் என்னும் சாவடி

முன்னாளில் திருவிதாங்கூருக்குள் செல்லும் சரக்கு ஆரல்வாய்மொழிச் சாவடியில் நின்று, சுங்கம் செலுத்திய பின்னரே உள்ளே போகும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கூறுவதுண்டு. நம் உடலில் அத்தகைய சாவடி கல்லீரலாகும். வளர்ந்த மனிதனின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. அதற்கு வரும் குருதியில் முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிறது. நாம் உண்ட உணவும் மருந்தும் நஞ்சும், உடலெங்கும் பரவுமுன், இங்கே ஒருமுறை சோதிக்கப்படுகின்றன.

கல்லீரலின் உயிரணுக்களில் சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிக் குடும்பம் ஒன்று உண்டு. நீரில் கரையாத பொருள்களை மாற்றியமைத்து, உடலிலிருந்து வெளியேற்றுவதற்கு ஏற்றவையாக ஆக்குவது அதன் பணி. பெரும்பாலும் இம்மாற்றத்தால் நன்மையே விளைகிறது. ஆனால் சில பொருள்கள் வரும்போது சாவடிக்காரனே கதவைத் திறந்து கள்ளனை உள்ளே விட்டவனாகிறான். தீங்கற்றதாகவோ சிறு தீங்குடையதாகவோ வந்த பொருள், அந்நொதியின் கைபட்டதும் கொடிய நஞ்சாக மாறிவிடுகிறது. இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

இரண்டு நஞ்சுகள்

முதலாவது கார்பன் டெட்ராகுளோரைடு. ஒருகாலத்தில் துணிகளை உலர்சலவை செய்யவும் தீயை அணைக்கவும் பயன்பட்ட நீர்மம் இது. ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்பதால், 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே பல நாடுகளில் இதன் பொதுப்பயன்பாடு கைவிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் மட்டும் இதற்கு இன்றும் தனியிடம் உண்டு. காரணம், எலியின் கல்லீரலை ஒரே நாளில் கெடுத்துக்காட்ட வல்லது இது. சைட்டோகுரோம் நொதி இதிலிருந்து ஒரு குளோரின் அணுவைப் பிரித்துவிடுகிறது. எஞ்சியிருப்பது ‘தனி உறுப்பு’ எனப்படும். இணையில்லாத எலக்ட்ரான் ஒன்றைத் தாங்கியிருப்பதால், அருகில் எது கிடைப்பினும் பற்றிக்கொள்ளும் இயல்புடையது அது. உயிரணுவின் மென்படலத்திலுள்ள கொழுப்பை அது தாக்குகிறது. தாக்குண்ட கொழுப்பு அடுத்த கொழுப்பைத் தாக்குகிறது. ஓலைக்கூரையில் விழுந்த தீப்பொறிபோல் கேடு பரவுகிறது.

இரண்டாவது நம் வீடுகளில் உள்ள பாராசிட்டமால். இது காய்ச்சலையும் வலியையும் குறைப்பது. அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் இதற்கு மிகச் சிறிதே. உரிய அளவில் உட்கொண்டால் நல்ல மருந்து. இதன் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கின்றி வெளியேற்றிவிடுகிறது. சிறு பகுதி மட்டும் சைட்டோகுரோம் நொதியால் நஞ்சாகிறது. அந்நஞ்சை உடனே பற்றி அடக்குவது குளூட்டாதயோன் என்னும் பொருள். அளவுக்கு மீறி மருந்தை விழுங்கினால் குளூட்டாதயோன் சேமிப்புக் கரைகிறது. அதில் நூற்றுக்கு எழுபது பங்கு தீர்ந்த பின்னரே உயிரணுக்கள் சாகத் தொடங்குகின்றன என்பதை 1973இல் அமெரிக்க அறிஞர்கள் விலங்குச் சோதனைகளில் காட்டினர். கையிருப்பு உள்ளவரை கடை நடக்கிறது; அது தீர்ந்த அன்று கதவு அடைபடுகிறது.

இரண்டாம் தீ

உயிரணு இறந்ததும் கதை முடிந்துவிடுவதில்லை; அதன்பின்னரே அழற்சி தொடங்குகிறது.

கல்லீரலின் குருதிப் பாதைகளில் குப்ஃபர் உயிரணுக்கள் என்னும் காவலர்கள் இருக்கின்றன. இறந்த உயிரணுக்கள் சிந்திய பொருள்களைக் கண்டதும் இவை விழித்தெழுகின்றன. பலவகைச் செய்திப் பொருள்களைச் சுரந்து, குருதியிலுள்ள வெள்ளணுக்களை அழைக்கின்றன. வந்த வெள்ளணுக்கள் அழுக்கைத் துப்புரவு செய்கின்றன. சிலவேளைகளில் கூட்டம் மிகுந்து, நலமாக இருந்த உயிரணுக்களையும் தாக்கிவிடுகின்றன. தீயை அணைக்க வந்தவர்கள் பக்கத்து வீட்டின் கூரையையும் பிரித்தெறிந்த கதையாக இது முடிகிறது.

ஆகவே கல்லீரலுக்கு இரண்டு அடிகள் விழுகின்றன என்று கொள்ளலாம். முதல் அடி வேதிநஞ்சினுடையது. இரண்டாம் அடி அழற்சியினுடையது. அழற்சி தணிக்கும் மருந்து இந்த இரண்டாம் அடியையேனும் தடுக்காதா என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் கேள்வி.

சோதனைகள் கூறுவன

முதலில் நம்பிக்கை தரும் செய்திகளைக் கூறுகிறேன். குப்ஃபர் உயிரணுக்களைக் கடோலினியம் குளோரைடால் முன்கூட்டியே செயலிழக்கச் செய்த எலிகளில், கார்பன் டெட்ராகுளோரைடு விளைக்கும் கேடு குறைந்தது என்று 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. பாராசிட்டமால் நஞ்சிலும் அவ்வாறே காப்புக் கிடைத்தது என்று 1995இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. 2009இல் யேல் பல்கலைக்கழகத்தார் ஆஸ்பிரினைக் கொண்டு சுண்டெலிகளைப் பாராசிட்டமால் நஞ்சிலிருந்து காக்க முடிந்தது என்று எழுதினர். தலைவலிக்கு நாம் விழுங்கும் எளிய ஆஸ்பிரின் கல்லீரலுக்குக் கவசமாகுமாயின், அதனினும் மலிவான காப்பு வேறு ஏது?

ஆனால் மறுபக்கமும் உண்டு. குப்ஃபர் உயிரணுக்களை வேறொரு முறையில் அறவே நீக்கிய சுண்டெலிகளில் பாராசிட்டமால் கேடு குறையாமல் கூடிற்று என்பது 2002இல் தெரியவந்தது. அழற்சியை உண்டாக்கும் காக்ஸ்-2 என்னும் நொதி இல்லாத சுண்டெலிகளும் மிகுதியாகவே நலிந்தன என்று 2001ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று கூறியது. வலி மாத்திரைகள் பலவும் அடக்குவது இந்நொதியைத்தான் என்பதை நினைவிற் கொள்க. யேல் ஆய்வு அடிப்படையாகக் கொண்ட அழற்சி வழியை முற்றும் இழந்த சுண்டெலிகளிலும் கேடு குறையவில்லை என்று 2011இல் வேறொரு குழுவினர் அறிவித்தனர்.

இம்முரண்பாட்டிற்குக் காரணம் என்ன? அழற்சிக்கு இரண்டு முகங்கள் உள்ளன என்பதே. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்தெடுத்தாலும் எஞ்சிய பகுதி சில நாள்களில் பழைய எடைக்கு வளர்ந்துவிடுகிறது. இதனை 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் இருவர் தெளிவாகக் காட்டினர். அவ்வளர்ச்சிக்கு ‘தொடங்குக’ என்று ஆணையிடும் செய்திப் பொருள்களுள் சில, அழற்சியின்போது குப்ஃபர் உயிரணுக்கள் சுரக்கின்ற அதே பொருள்கள்தாம். அழிக்க வந்தவனும் கட்ட வந்தவனும் ஒருவனாகவே இருக்கிறான். அவன் கையைக் கட்டிப்போட்டால் அழிவும் குறையலாம், கட்டுமானமும் நின்றுபோகலாம். எந்த நேரத்தில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.

முன்னா, பின்னா?

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவ நண்பர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காப்பு மருந்து எலிக்கு எப்போது கொடுக்கப்பட்டது? பெரும்பாலான சோதனைகளில் நஞ்சைக் கொடுப்பதற்கு முன்னரே, சிலவற்றில் ஒரு வாரம் முன்னரே, மருந்து கொடுக்கப்படுகிறது. மருத்துவமனைக்கு வரும் மனிதனோ நஞ்சை உண்ட பின்னர் வருகிறான். ‘நாளை நான் நஞ்சுண்ணப் போகிறேன், இன்றே காப்புத் தருக’ என்று கேட்டு எவரும் வருவதில்லை.

முன்கூட்டிக் கொடுப்பதில் மற்றொரு சிக்கலும் உண்டு. நஞ்சை உண்டாக்குவது சைட்டோகுரோம் நொதி என்று மேலே கண்டோம். நாம் கொடுத்த மருந்து தற்செயலாக அந்நொதியைத் தடுத்துவிட்டால் என்ன ஆகும்? நஞ்சே உண்டாகாது, கல்லீரலும் கெடாது. ‘அழற்சியைத் தணித்துக் காத்தோம்’ என்று நாம் எழுதிவிடுவோம். உண்மையில் தணிப்பதற்கு அங்கே அழற்சியே இருந்திராது. மருந்தை மட்டுமன்றி, அதைக் கரைக்க உதவும் நீர்மத்தையும் ஐயுற வேண்டும். நீரில் கரையாத பொருள்களைக் கரைக்கப் பயன்படும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு அந்நொதியைத் தடுக்க வல்லது. ஆகவே அந்நீர்மத்தை மட்டும் பெற்ற ஒப்பீட்டுக் குழு ஒன்று இல்லாத சோதனை, ஒரு தட்டுள்ள தராசைப் போன்றது.

நஞ்சுண்ட பின் கொடுத்தும் பயன் தருவதாக மனிதரிடத்தில் நிலைபெற்ற மருந்து ஒன்று உண்டு, அது அசிட்டைல்சிஸ்டீன். பாராசிட்டமாலை மிகுதியாக உண்டவர்களுக்குக் கல்லீரல் அழிவு நேர்ந்ததை 1966இல் எடின்பரோ மருத்துவர்கள் பதிவு செய்தனர். அதே நகரத்தில் பிரெஸ்காட் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1977இல் அசிட்டைல்சிஸ்டீன் ஊசியின் பயனை வெளியிட்டனர். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய எல்லோரையும் காக்கலாம். நேரம் செல்லச் செல்லப் பயன் குறையும். இம்மருந்து முதன்மையாகச் செய்வது அழற்சியை அடக்குவதன்று; தீர்ந்துபோன குளூட்டாதயோனை மீண்டும் நிரப்புவதே. இரண்டாம் தீயோடு போராடுவதைவிட முதல் தீக்கு நீர் ஊற்றுவது சிறந்தது என்பதை இது காட்டுகிறது.

நம் மலையும் மூலிகையும்

கீழாநெல்லி குடித்த அண்ணாச்சியிடம் மீண்டும் வருவோம். மூலிகை என்றாலே நகைப்பதும் தவறு; மூலிகை என்றாலே வணங்குவதும் தவறு. இரண்டுக்கும் இடைப்பட்ட வழியை நம் பக்கத்து ஆய்வுக்கூடங்களே காட்டியுள்ளன.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் 1979இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் பொதுவான அகத்தியமலைக் காடுகளில் 1987இல் அறிஞர்கள் சென்றபோது, வழிகாட்டி வந்த காணிக்காரப் பழங்குடியினர் ஒரு செடியின் கனியைத் தின்று களைப்பின்றி நடந்தனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடி ஆராய்ச்சிக்கு வந்த கதை இதுவே. புஷ்பாங்கதன், இராஜசேகரன், சுப்பிரமணியம் முதலியோர் 1998இல் வெளியிட்ட கட்டுரையில், பாராசிட்டமாலால் எலிகளுக்கு நேரும் கல்லீரல் கேட்டை அச்செடியின் சாறு குறைத்தது என்று காட்டினர். நாம் அண்ணாந்து பார்க்கும் மலையிலேயே இத்தகைய செல்வம் உள்ளது. ஆயினும் எலியில் கண்டது மனிதனில் உறுதியாக வேண்டும் என்ற படி இன்னும் ஏறப்பட வேண்டியதாகவே உள்ளது.

கீழாநெல்லியின் கதை மேலும் பாடம் புகட்டுவது. அது வேதிநஞ்சைப் பற்றியதன்று. மஞ்சட்காமாலை விளைக்கும் பி வகை வைரசைப் பற்றியது. சென்னையில் தியாகராசனும் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் பிறரும் சேர்ந்து செய்த ஆய்வு 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. முப்பது நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரசின் அடையாளம் நீங்கிற்று. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே நீங்கிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர்ப் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அத்தகைய பயன் கிட்டவில்லை. ஒரு சோதனை கதவைத் தட்டுவது போன்றது. பல சோதனைகள் ஒத்து வந்தால்தான் கதவு திறந்தது என்று பொருள்.

மஞ்சளும் அவ்வாறே. அதிலுள்ள குர்க்குமின் அழற்சியைத் தணிப்பதையும் எலிகளின் ஈரலைக் காப்பதையும் பலர் காட்டியுள்ளனர். ஆயினும் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளை உண்டதால் கல்லீரல் கெட்டவர்கள் பத்துப் பேரைப் பற்றி அமெரிக்காவில் 2022இல் அறிக்கை வெளியாயிற்று. குழம்பில் இடும் மஞ்சளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘காப்பு’ என்று பெயர் பெற்ற பொருளும் அளவு மாறினால் சிலருக்குக் கேடாகலாம் என்பதே செய்தி.

அழற்சி தணிக்கும் மாத்திரைகளின் வரலாறும் நம்மை எச்சரிக்கிறது. பெனாக்சாப்ரோஃபென் 1982இலும், புரோம்ஃபெனாக் மாத்திரை 1998இலும், கல்லீரலைக் கெடுத்தமையால் சந்தையிலிருந்து நீங்கின. நிமசுலைடு என்னும் மாத்திரையைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுப்பதை நம் நாடு 2011இல் தடை செய்தது. மற்றவற்றால் இத்தகைய கேடு நேர்வது அரிதே. எனினும் ஆய்வுக்கூடத்தில் காவலனாக ஆராயப்படும் இனத்திலேயே கள்ளர்களும் பிறந்துள்ளனர் என்பதை மறத்தலாகாது.

அண்ணாச்சிக்குச் சொன்ன விடை

அண்ணாச்சியிடம் இவ்வாறு கூறினேன்: “உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது, அண்ணாச்சி. மாத்திரையைப் பற்று என்றும் கீழாநெல்லியை வரவு என்றும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கீழாநெல்லி இந்த மாத்திரையின் கேட்டைத்தான் ஈடு செய்யும் என்று எவரும் காட்டவில்லை. வரவு வந்ததா என்று பாராமலே வரவு வைத்துவிட்டீர்கள். குருதியைச் சோதித்து இருப்பைப் பாருங்கள். இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.”

கல்லீரல் உயிரணு உடைந்தால் அதனுள்ளிருக்கும் சில நொதிகள் குருதியில் கசியும். அவற்றுள் எஸ்.ஜி.பி.டி. என்பதன் அளவைக் கொண்டு கேட்டை அறியலாம். வலி, மஞ்சள் நிறம் எதுவும் தோன்றாத முன்னரே இது காட்டிக்கொடுக்கும். அண்ணாச்சி முதலில் சிரித்தார். பிறகு ஒருநாள் கடையை அரை மணி நேரம் மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்று வந்தார். அளவு உயர்ந்த வரம்பைப்போல் மூன்று மடங்கு இருந்தது. மருத்துவர் மாத்திரையை நிறுத்தினார். மூலிகையையும் நிறுத்தச் சொன்னார். முழங்காலுக்குப் பயிற்சி கற்பித்தார். இரண்டு மாதங்களில் அளவு சரியாயிற்று.

“பார்த்தாயா தம்பி? முன்னமே கீழாநெல்லி குடித்ததால்தான் மூன்று மடங்கோடு நின்றது. இல்லாவிட்டால் பத்தாகியிருக்கும்!” என்கிறார் அண்ணாச்சி.

அவ்வாறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை அறிய வேண்டுமாயின் அண்ணாச்சியைப் போன்றவர் நூற்றுக்கணக்கில் வேண்டும். பாதிப் பேருக்குக் கீழாநெல்லியும் மீதிப் பேருக்கு அதுபோன்ற வெற்று மருந்தும் கொடுத்து, யார் எதை உண்டனர் என்பதை அளப்பவரும் அறியாதபடி அளக்க வேண்டும். ஒருவரின் அனுபவத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள தொலைவு அவ்வளவே. அவ்வளவு பெரியதும் ஆகும்.

நண்பர்களே, விடுதி அறைகளில் நம்மவர் பலர் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் தாமே மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். சளி மருந்திலும் காய்ச்சல் மருந்திலும் ஒரே பாராசிட்டமால் ஒளிந்திருக்கக்கூடும். உறையைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். வளர்ந்தவர்க்கு ஒருநாளின் உச்ச அளவு 4 கிராம். மதுப்பழக்கம் உடையவர்க்கும் உடல் மெலிந்தவர்க்கும் அதனினும் குறைவு. தவறுதலாக மிகுதியாக உண்டுவிட்டால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதல் நாளில் கல்லீரல் வாய் திறந்து முறையிடுவதில்லை. அது முறையிடும்போது எட்டு மணி நேரம் என்றோ கடந்திருக்கும்.

ஊரை விட்டு வந்த நமக்கு, ‘ஏன் முகம் வாடியிருக்கிறது?’ என்று கேட்கத் தாய் பக்கத்தில் இல்லை. ஆகவே நம் கணக்கை நாமே பார்க்க வேண்டும். வரவு வைக்குமுன் வந்ததா என்று பாருங்கள். அண்ணாச்சியும் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை குருதிச் சோதனைச் சீட்டைப் பேரேட்டின் நடுவே செருகி வைக்கிறார்.